டிரெஸ்டன் தேவாலயம் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியத் தேவாலயம் என்றாலே ரோம், பாரிஸ் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஃபிராவன்கிர்ஷே என்ற லுத்தரன் தேவாலயத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். 1726-ல் தொடங்கி 1743-ல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்த கியோர்க் பேர் (Bähr) என்பவர் அடிப்படையில் ஒரு தச்சர், வேலை முடியும் முன்பே இறந்துபோனார். மரமும் செம்புத் தகடும் வேண்டாம், குவிமாடம் முழுக்கக் கல்லிலேயே இருக்கட்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1760-ல் பிரஷ்யப் படையின் பீரங்கிக் குண்டுகளைக்கூட அது தாங்கியது. ஆனால் 1945 பிப்ரவரியில் விமானக் குண்டுவீச்சில் நகரமே எரிந்தபோது, உள்ளே பற்றிய தீயின் சூட்டில் தூண்கள் விட்டுப்போய், 15-ஆம் தேதி காலை மொத்தமாகச் சரிந்தது.

அப்புறம் கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் வெறும் கற்குவியல். 1994-ல் மறுபடி கட்டத் தொடங்கி 2005-ல் திறந்தார்கள். பழைய கற்களையும் சேர்த்தே கட்டியதால், வெளிர் சுவரில் அவை கருப்புக் கருப்பாகத் தனியே தெரிகின்றன. மறைக்காமல் விட்டது மிகச் சரி. உச்சியில் உள்ள சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, அன்று டிரெஸ்டன் மேல் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். இதையெல்லாம் படங்களோடு ஞாயிறு இதழில் ஒரு முழுப்பக்கம் போடுங்களேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்