லாட் எண் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பத்து டப்பாக்கள்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
நகைப் பட்டறை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.
(பெயர், கதவு எண், கைப்பேசி எண் எல்லாம் உங்கள் ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சாதனங்கள் விற்பனைப் பிரிவு.

நாள்: 7 ஜூலை 2025

பொருள்: போட்டித் தரம், ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) என்று சொல்லி விற்ற 10 டப்பா ஏர் ரைஃபிள் பெல்லட் (காற்றுத் துப்பாக்கியின் ஈயக் குண்டு), ஒரு ஏர் சிலிண்டர் ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஏப்ரல் மாதக் கடைசியில் உங்கள் இணையக் கடையில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் பத்து டப்பா வாங்கினேன். டப்பாவுக்கு 500 வீதம் மொத்தம் 5,000 பெல்லட். விலை 14,800 ரூபாய். அதே ஆர்டரில் கூடுதலாக ஓர் ஏர் சிலிண்டர் (துப்பாக்கியில் பொருத்தும் அழுத்தக் காற்று உருளை), 16,500 ரூபாய். ரசீது நகலை இணைத்திருக்கிறேன். பெல்லட்டின் எடை 0.53 கிராம், தலை விட்டம் 4.50, பத்து டப்பாவும் ஒரே லாட் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியை நம்பித்தான் வாங்கினேன்.

துப்பாக்கி என் மகளுடையது. ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். எங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போய் ஒலிம்பிக்கில் சுட்டவர். அவரைப் பற்றிப் பள்ளியில் யாரோ பேசியதிலிருந்து ஆரம்பித்த ஆசை. எனக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. உரிமம் வாங்க வேண்டுமோ, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டுமோ என்றுதான் முதலில் பயந்தேன். 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்கு மேல் போகாத விசை என்றால் ஆயுத உரிமம் வேண்டாம் என்று தெரிந்த பிறகுதான் சரி என்றேன். எங்கள் வீடு பழைய காலத்து வீடு. திண்ணையில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும். நடைப் பகுதியை அளந்தால் 10 மீட்டருக்கு மேலேயே வருகிறது. அங்கே தினமும் பெல்லட் இல்லாமல் குறி பிடித்துப் பழகுவாள். சனி, ஞாயிறு புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்ப் பயிற்சியாளரிடம் சுடுவாள்.

மார்ச் வரை பயிற்சியாளர் கொடுத்த டப்பாவில் பத்து குண்டுக்கு 99, 100 மதிப்பெண் என்று வந்துகொண்டிருந்தது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 என்பதால் பத்துக்கு 109 வரை போகலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு 100 மோசமில்லை என்றார் அவர். மே மாதம் உங்கள் டப்பாவைத் திறந்தோம். 95, 94, ஒரு நாள் 92.

இந்த இடத்தில் என் தப்பையும் எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மிதப்பு, ராத்திரியெல்லாம் போன் என்று முடிவு கட்டி அவள் போனைப் பிடுங்கி வைத்தேன். "அப்பா, என் கை ஆடலப்பா, டிரிகர் விட்டதும் கரெக்டாதான் இருக்கு, குண்டுதான் எங்கயோ போகுது" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அழவும் வைத்தேன். இதற்கு உங்களிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆனால் ஜூன் மாதம் நான் வாட்ஸ்அப்பில் புகார் சொன்னபோது உங்கள் ஆள் அனுப்பிய பதிலும் ஏறக்குறைய இதேதான்: "புதிதாகச் சுடுபவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் சார், இது ஷூட்டர் எரர்." நானாவது பெற்றவன், சோறு போடுகிறவன். அவளை ஒரு நாளும் பார்த்திராத உங்களுக்கு அவள் கையைக் குறை சொல்ல என்ன ஆதாரம்?

ஆதாரம் என்னிடம் இருக்கிறது, கேளுங்கள்.

ஜூன் முதல் வாரம் நானே புதுச்சேரி போனேன். "அண்ணே, பிள்ளையத் திட்டாதீங்க, துப்பாக்கிய வைஸ்ல கட்டிப் பாத்துடுவோம்" என்றார் பயிற்சியாளர். குழாயைத் தோல் சுற்றி இரும்பு மேஜையோடு இறுக்கிக் கட்டினார். இனி யார் கையும் ஆட வழியில்லை. முதலில் அவருடைய டப்பாவிலிருந்து பத்து. பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. வெளி விளிம்பிலிருந்து விளிம்புவரை வெர்னியர் வைத்து அளந்தேன், 6.8 மில்லிமீட்டர். பெல்லட்டே நாலரை மில்லிமீட்டர் என்றால் கணக்கு உங்களுக்குப் புரியும். அடுத்து உங்கள் டப்பாவிலிருந்து பத்து: 12.9. இன்னொரு டப்பா: 14.2. மறுபடி அவருடையது: 7.1. நான்கு அட்டைகளையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். புகைப்படம் இணைப்பில் உள்ளது.

இதன் அருமை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் போட்டியின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த பொட்டு. ஒன்பது வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளினால் ஒரு மதிப்பெண் போச்சு, கால் மில்லிமீட்டருக்கு 0.1. 60 குண்டு சுடும் போட்டியில் டப்பாவே குண்டுக்கு அரை மதிப்பெண் தின்றால் 30 மதிப்பெண் காலி. அந்த 30 மதிப்பெண்ணில் ஒரு பிள்ளை இந்த விளையாட்டையே விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் பட்டறைத் தராசை எடுத்தேன். நாங்கள் மில்லி கணக்கில் பிழைக்கிறவர்கள். ஒரு மில்லிகிராம் காட்டும் தராசு என்னிடம் இருக்கிறது, முத்திரை போட்டது. பெல்லட் ஒன்று 530 மில்லி, ஏறக்குறைய நாலு குண்டுமணி எடை. பயிற்சியாளர் கொடுத்த டப்பாவில் ஐம்பதை எடை போட்டேன். எல்லாம் 528க்கும் 533க்கும் நடுவே நின்றன. உங்கள் டப்பாக்கள் மூன்றில் நூறு நூறாக எடுத்தேன். ஒரு டப்பா 521 முதல் 540. அடுத்தது 503 முதல் 538. மூன்றாவதில் ஒரு பெல்லட் 549. மூன்று ராத்திரி இதே வேலை. ஈயம் என்பதால் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

நியாயமாகச் சொன்னால், எடை மட்டும் இவ்வளவு கெடுக்காது. 10 மீட்டர் தூரத்துக்கு இருபது மில்லி வித்தியாசம் குண்டை ஒரு மில்லிமீட்டர்கூட ஏற்றி இறக்காது என்று பயிற்சியாளரே கணக்குப் போட்டுக் காட்டினார். கெடுப்பது வடிவம். பெல்லட் பார்க்க ஜிமிக்கி மாதிரி இருக்கும்: தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த அடிப்பாகம். மகள் அதைப் பாவாடை என்பாள். தலை குழாயின் உள்ளே இருக்கும் சுருள் வரிகளில் கச்சிதமாக உட்கார வேண்டும். காற்று தள்ளும்போது பாவாடை விரிந்து குழாயை அடைக்க வேண்டும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குத் தனித்தனி டப்பா விற்கிறார்கள் என்றால் காரணம் அதுதான். ஒரு துப்பாக்கிக்கு ஒரு லாட் ஒத்துப்போனால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான். உங்கள் டப்பாக்களில் நூறுக்கு ஏழெட்டு பெல்லட்டின் பாவாடை ஒரு பக்கம் நசுங்கி, சில முட்டை வடிவில் இருந்தன. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்கிறவனிடம் இதை மறைக்க முடியாது.

வெடிமருந்துத் தோட்டா சுடுகிறவர்கள் சில நாடுகளில் துல்லியத்துக்காகத் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்வார்களாம், ஒவ்வொன்றுக்கும் மருந்தை நிறுத்துப் போட்டு. ஏர் ரைஃபிளில் மருந்தும் இல்லை, உறையும் இல்லை. காற்று ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் வருகிறது. சுடுகிறவள் தேர்ந்தெடுக்க இருக்கும் ஒரே பொருள் பெல்லட். அதையும் நீங்கள் கலந்துகட்டிக் கொடுத்தால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு பழகுவாள்?

கலந்துகட்டி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு டப்பாவின் பக்கவாட்டு ஸ்டிக்கர் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. ஹேர் டிரையர் காட்டி உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு லாட் எண். சந்தேகத்தில் திறந்த டப்பா நான்கையும் உரித்தேன். மூன்றில் அடியில் வேறு எண். அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு. ஒன்றில் எடையே 0.49 கிராம் என்று அச்சாகியிருந்தது. பிஸ்டல் பெல்லட் டப்பா அது. உள்ளே பாதிக்கு மேல் ரைஃபிள் பெல்லட், நடுநடுவே வேறு. திறக்காத ஆறு டப்பாவை நான் தொடவில்லை. நீங்களே உரித்துப் பாருங்கள்.

நான் 916 என்று சொல்லி ஒரு மோதிரம் விற்கிறேன், வாங்கியவர் வேறு கடையில் உரசிப் பார்க்கிறார், 20 காரட் என்று வருகிறது. அப்போது நான் "போட்டுக்கொள்ளும் விரல் சரியில்லை அம்மா" என்றால் தெருவில் நிற்க முடியுமா? எங்கள் தெருவில் முடியாது.

உங்கள் இரண்டாவது பதிலில், கடலூர் கடலோர ஊர், உப்புக் காற்றில் ஈயம் பூத்திருக்கும் என்றீர்கள். உண்மைதான், ஈரத்தில் ஈயம் வெள்ளையாகப் பூக்கும். அது எனக்கும் தெரியும் என்பதால் வந்த அன்றே எல்லா டப்பாவையும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்தேன். நாலாவது டப்பாவைத் திறந்த நிமிடமே உள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. அது தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து சீல் வைத்த டப்பாவுக்குள் வந்திருக்க வழியில்லை. மூன்றாவது பதிலில், திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றீர்கள். திறக்காமல் எடை போடும் தராசு இருந்தால் சொல்லுங்கள், நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் சிலிண்டர். இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் சுருக்கமாகவே முடிக்கலாம். புதியது என்று விற்றீர்கள். கழுத்தில் 2017 என்று பொறித்திருக்கிறது. ஏர் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்து வருட ஆயுள்தான், அதற்கு மேல் போட்டியில் அனுமதி இல்லை. 200 பார் அழுத்தம் ஏற்றுகிற பொருள், குழாய்க்கு அடியில், என் பிள்ளை முகத்துக்கு முன்னால் இருக்கும். எட்டு வருடம் கிடங்கில் கிடந்ததை முழு விலைக்கு எப்படி விற்றீர்கள்? அதில் இதுவரை காற்று ஏற்றவே இல்லை, உறையோடு இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். பத்து டப்பாவுக்கான 14,800, சிலிண்டருக்கான 16,500, ஆக 31,300 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கூரியர் செலவு உங்களுடையது. மாற்று டப்பா வேண்டாம். ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியது உங்கள் கிடங்கிலா, உங்களுக்கு விற்றவரிடமா என்று எழுத்து மூலமாகப் பதில் வேண்டும். உங்களையே யாராவது ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றியிருக்கலாம், அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன். ஆனால் ரசீது உங்களுடையது.

2020 மின் வணிக விதிகளின்படி இந்தப் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகஸ்ட் 8 வரை காத்திருப்பேன். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் வண்டி பிடித்து வர வேண்டியிருக்கும்.

திறக்காதவை ஆறு, திறந்தவை நான்கு. திறந்தவற்றில் மீதி 1,312 பெல்லட், இரண்டு முறை எண்ணினேன். உரித்த ஸ்டிக்கர்களைத் தனி உறையில் போட்டிருக்கிறேன், அவற்றின் புகைப்படம் மட்டும் அனுப்புகிறேன், அசல் என்னிடமே இருக்கும். எடுத்துப் போக ஆள் அனுப்புவதானால் காலை பத்தரைக்கு மேல் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். அவர் முன்னால் மறுபடி எடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.

மகளின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பயிற்சியாளரிடம் கடனாக வாங்கிய டப்பாவில் போன ஞாயிறு 101.3 சுட்டாள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல், நான்கு இலக்கு அட்டைகளின் படம், எடைக் குறிப்பு மூன்று பக்கம், ஸ்டிக்கர் படங்கள், சிலிண்டர் கழுத்தின் படம்.