பீட்டருக்கு முந்தைய பெயர்

லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதது தப்புதான். திட்டுவதென்றால் நீயே திட்டு, அக்காவைப் போனில் ஏவிவிடாதே. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வீட்டுச் சமாசாரம் இவ்வளவுதான்.

உங்கள் கோயில் ஞானஸ்நான ரிஜிஸ்டரில் பூட்டனாரைச் 'சாமுவேல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், பழைய பெயரைக் காணோம் என்று போன தடவை புலம்பினாயே, அந்தப் புலம்பல் இப்போது என்னையும் பிடித்துக்கொண்டது.

இங்கே ஃபென்சர்ச் தெருவும் லைம் தெருவும் கூடுகிற மூலையில் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் என்று ஒரு கோயில் இருந்தது. 1616 டிசம்பர் 22 அன்று அதன் பதிவேட்டில் ஒரு வரி: கிழக்கிந்தியன் ஒருவனுக்குப் பீட்டர் என்று ஞானஸ்நானம். வங்காள விரிகுடாப் பக்கத்துப் பையன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் பாதிரியாராக இருந்த பேட்ரிக் கோப்லாண்ட் 1614இல் அவனை இங்கே கூட்டிவந்து படிக்க வைத்தார். பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது அரசர் முதலாம் ஜேம்ஸ்! மேயர் முதல் கம்பெனிக்காரர்கள் வரை திரண்டு வந்திருந்த சடங்கு அது. அவனுடைய அம்மா அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மட்டும் அந்த வரியில் இல்லை.

இவ்வளவுக்கும் இங்கிலாந்துக்காரர்கள் பதிவதில் சோம்பேறிகள் இல்லை. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஏட்டில் ஏற்ற வேண்டும், ஏட்டை இரட்டைப் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று 1538லேயே எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். டயோனிஸ் ஏடு அந்த வருஷமே தொடங்குகிறது. கோயில் 1666 பெருந்தீயில் எரிந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திரும்பக் கட்டினார். 1878இல் அதையும் இடித்துவிட்டார்கள். ஏடு பிழைத்துக்கொண்டது. ரென் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி இப்போது லண்டனிலேயே பார்சன்ஸ் கிரீன் பகுதிக் கோயிலில் இருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் அது தீக்குப் பிந்தியது, பீட்டரின் தலையில் தெளித்த தண்ணீர் அதில் இருந்ததில்லை.

எனக்குத் தாங்காதது இதுதான். 1617இல் கோப்லாண்டோடு கீழ்த்திசைக்குக் கப்பலேறியவன், 1620இல் லத்தீனில் கடிதம் எழுதியிருக்கிறான். கீழே கையெழுத்து 'பெட்ருஸ் பாப்பா', அதாவது பீட்டர் போப் என்பதன் லத்தீன் வடிவம். லத்தீனே எழுதிய கைக்குத் தன் பழைய பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், சொல்! இரண்டு நாளாக ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன் விஷயத்தில் வழி இருக்கலாம். ஞானஸ்நான ரிஜிஸ்டரை விட்டுவிட்டுக் கலியாண ரிஜிஸ்டரைக் கேள். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு அதில் பெரும்பாலும் ஒரு கட்டம் இருக்கும். பூட்டனாரின் அப்பா ஞானஸ்நானம் வாங்காதவர் என்றால் அந்தக் கட்டத்தில் அவருடைய பழைய பெயரேதான் இருக்கும். அது கிடைத்தால் குலதெய்வம், ஊர் எல்லாம் துப்புத் துலக்கிவிடலாம். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரைக் கையில் வைத்துக்கொள், ரிஜிஸ்டரைத் தின்னக் கரையான் முந்திக்கொள்ளப் போகிறது. கிடைத்த அன்றே எனக்குப் போன் பண்ணு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

உன்,
பின்பெஞ்சுக்காரன்