படுதா நனைகிறது: நம் நாடக மண்டபத்துக்கு ஒரு கூரை வேண்டும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கும், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும், இங்கிருந்து ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்களுக்கும் மண்டபக் குழுவின் வணக்கம்.

போன அக்டோபர் மழையில் நம் நாடக மண்டபத்தின் கூரைத் தகடு இரண்டு இடத்தில் பிளந்து, மேடைக்கு நேர் மேலே தண்ணீர் இறங்கியது. சாவி வைத்திருக்கும் அண்ணன் கூப்பிட்டதும் நாங்கள் நாலு பேர் ஓடினோம். வாளி வைப்பதா, மெயின் சுவிட்சை அடைப்பதா என்று யோசிக்கும் முன்பே ஒருவர் ஏணியில் ஏறி, மூங்கிலில் சுருட்டிக் கட்டியிருந்த சீன் படுதாக்களை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்று படுதாக்கள் மிச்சம்: அரண்மனை, தெரு, காடு. முதல் இரண்டும் தப்பின. காடு நனைந்துவிட்டது.

அந்தக் காட்டுப் படுதாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளி தினைப்புனம் காத்த காடு என்று சொல்லித்தான் வரையச் சொன்னார்களாம். வரைந்தவர் தோட்டத்தில் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் பார்த்த காடு ஒன்றே ஒன்றுதான், ரப்பர்க் காடு. அதனால் முருகன் வேடனாக வரும் அந்தக் காட்டில் மரங்கள் எல்லாம் நிரை பிடித்து நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டு. இடது ஓரத்து மரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகூடக் கட்டியிருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இப்போது அந்த மங்கு இருந்த இடத்தில் பச்சையும் பழுப்பும் கரைந்து வழிந்திருக்கிறது. வஜ்ஜிரப் பசையில் குழைத்த பொடிச்சாயம் அது, ஈரம் பட்டால் நிற்காது.

இந்த வேண்டுகோள் அந்தப் படுதாவில்தான் தொடங்குகிறது. ஆனால் நாங்கள் பணம் கேட்பது கூரைக்கும் மேடைக்கும்.

மண்டபத்தின் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பேரனுக்கும் தெரியட்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ரப்பர் இந்தப் பக்கம் வந்தது 1877இல், கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு. அதில் ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறது. பிறகு காடு அழிந்து தோட்டமானது. ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த நம் முன்னோர்கள் பெட்டிப் படுக்கையோடு கூத்தையும் கொண்டுவந்தார்கள். காமன் கூத்து, அரிச்சந்திரன், வள்ளி, பவளக்கொடி எல்லாம் முதலில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தவை.

அப்புறம் 1948 வந்தது. ஜூன் 16ஆம் தேதி காலையில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 வரை அது நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக்கூடக் கட்டுப்பாடு. களத்தில் ஆள் கூடினாலே கேள்வி கேட்டார்கள். நாலு சுவருக்குள், கதவு வைத்து, அனுமதி வாங்கி நாடகம் போடலாம் என்ற நிலை வந்தபோதுதான் இந்த மண்டபத்துக்கான யோசனையே பிறந்தது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது. சம்பள நாளில் கணக்கு எழுதும் கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்ப் பால் வாளியை வைத்து, போகிறவர்கள் போட்டுவிட்டுப் போனார்களாம். விடிய விடிய நடக்க வேண்டிய நாடகம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும் என்பதால் மூன்று மணி நேரத்தில் வள்ளிக்குக் கல்யாணம் ஆகிவிடும். "அவசரகாலத்து அவசரக் கல்யாணம்" என்று என் பாட்டி சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

சேர்த்துப் போட்ட காசு என்ன செய்யும் என்று நம் ஊருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைத் தொழிலாளர்கள் சொந்தமாக வாங்கினார்கள். ஒரு தோட்டத்தையே வாங்கிய கை, ஒரு கூரையை மாற்றாதா?

நடுவில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குப் போனோம், பார்க்க ஆள் இல்லாமல் நாடகம் குறைந்தது. மண்டபம் பூப்பந்து விளையாடவும் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பயன்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை பழுதுபார்க்கக் காசு வசூலித்தோம். குத்தகைக்காரர் முன்பணத்தை வாங்கினார், நாலு தகரத்தை இறக்கினார், அப்புறம் போனை எடுக்கவில்லை. "போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்கிறோம்: அதுதான் ஆச்சு. அந்த நாலு தகரம் பின்கட்டில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அந்தத் தவறு எங்களுடையது. இந்த முறை வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம். காசோலையில் மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் குழுவுக்கு வெளியே உள்ளவர்.

இனி வேலைக்கு வருவோம்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ். முழுசாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அதனால் தம்பிமார்களே, "ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் (கூட்டு வேலை) போட்டுக் கழற்றிவிடுவோம்" என்று வாட்சாப்பில் எழுதியவர்களுக்கு நன்றி, ஆனால் கூரையைத் தொடாதீர்கள். தெரிந்த ஆட்கள் முகமூடி, உடை எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் ஒவ்வொன்றாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, விதிப்படி அப்புறப்படுத்த வேண்டும். செலவில் பெரிய பங்கு இதற்கே போகிறது. புதுத் தகரம் அதைவிட மலிவு என்றால் நம்ப மாட்டீர்கள்.

தகரம் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர் மழை மாலையில் வரும், நாடகமும் மாலையில்தான். வெறும் தகரத்தில் மழை விழுந்தால் ராஜா வேடம் கட்டும் ராஜபார்ட் தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. ஆகவே தகரத்துக்கு அடியில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்கும் ராக்வூல் (கல்நார் அல்லாத கல் கம்பளி) படுக்கை போட வேண்டும். இதை வீண் செலவு என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். ஒரு மழை நாளில் பக்கத்துப் பட்டறையின் தகரக் கொட்டகைக்குள் அவரைக் கூட்டிப்போய்ப் பேசச் சொன்னோம். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது மேடை. சட்டமும் தூண்களும் செங்கால் என்கிற கெட்டி மரம், கரையான் இன்றுவரை பல் வைக்கவில்லை. ஆனால் பின்னாளில் யாரோ மலிவுப் பலகையால் மாற்றிய தளத்தைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. வலது பக்கம் காலை வைத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. ஒரு குத்தகைக்காரர், "அடியில் கான்கிரீட் நிரப்பி டைல்ஸ் ஒட்டிவிடலாம், காலத்துக்கும் நிற்கும்" என்றார். வேண்டாம் என்றோம். மேடைக்கு அடியில் கூடாக இருப்பதால்தான் கூத்தாடும் காலின் அடி கடைசி வரிசை வரைக்கும் பறை மாதிரி கேட்கிறது. கான்கிரீட்டில் ஆடினால் ஆடுகிற பிள்ளைகளின் முழங்கால் கெடும், சத்தமும் செத்துப்போகும். பலகைதான் போடுகிறோம், மண்ணிலிருந்து கரையான் ஏறாதபடி மருந்தும் தகடும் வைத்து.

மூன்றாவது, வேடம் கட்டும் அறை. பழைய காலத்தில் ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடமும் ஆண்களே என்பதால் ஒரே ஒரு அறைதான் கட்டினார்கள். இப்போது தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒத்திகைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். போன வருஷம் அந்தப் பிள்ளைகள் ஆசிரியையின் காரில் உடை மாற்றினார்கள். இனி அப்படி நடக்கக் கூடாது. தனி அறையும் கழிவறையும் கட்டாயம். பழைய அறையின் சுவரை மட்டும் இடிக்க மாட்டோம், சுண்ணாம்பும் அடிக்க மாட்டோம். "வாள் 2, கிரீடம் 3, தாடி 1 (நனைக்காதே)" என்று பென்சிலில் எழுதியது இன்னும் அங்கே இருக்கிறது.

மின்கம்பிகள் முழுக்க மாற வேண்டும். பொம்பா (தீயணைப்புத் துறை) சொன்னபடி கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். ஏர்கோன் கேட்காதீர்கள், காற்றாடி போதும்.

இவ்வளவு எதற்கு, மேடையை எடுத்துவிட்டுக் கல்யாண மண்டபமாக்கினால் வாடகை வருமே என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் உண்டு. கல்யாணம் நடக்கட்டும், வாடகையும் வரட்டும். ஆனால் மேடை இருக்கும். கல்யாணம் செய்யப் பட்டணத்தில் நாலைந்து இடம் இருக்கிறது. ராஜபார்ட் நின்று பாடிய மேடை இந்த வட்டாரத்தில் நமக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மேற்குக் கரையில் ஜூன், ஜூலையில் மழை குறைவு, கூரையை அப்போதுதான் பிரிக்க முடியும். அக்டோபருக்குள் மூடிவிட வேண்டும். மொத்தத் தொகையை இங்கே எழுதவில்லை. இரும்பு விலை மாற மாறக் கொட்டேஷனும் மாறுகிறது, பழைய தொகை ஒன்று வாட்சாப்பில் சுற்றினால் நமக்குத்தான் தலைவலி. மூன்று கொட்டேஷனையும் மண்டப வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம், வரவு செலவும் வாரா வாரம் அங்கேயே.

கேட்பது பத்து வெள்ளியிலிருந்து. மாதம் பத்தாகக் கொடுத்தாலும் சரி, ஒரே தடவையில் கொடுத்தாலும் சரி. போனில் பணம் அனுப்பும் டுயிட்நவ் க்யூஆர் அந்தப் பலகையில் இருக்கிறது, வெளியூரில் இருப்பவர்கள் உங்களுக்கு நேரில் தெரிந்த குழு உறுப்பினரிடம் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் ஆள் அனுப்பிய படத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். வீடு வீடாக நாங்கள் வர மாட்டோம். அதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும், நாங்கள் கேட்கவும் இல்லை. யாராவது நம் மண்டபத்தின் பெயரைச் சொல்லி ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் ஒரு காசும் கொடுக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள். வருமான வரிக் கழிவும் கிடையாது. அதை எதிர்பார்க்கும் கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை ஒன்று வரும். தொகை போட மாட்டோம். தோட்டத்தின் பெயரைப் போட்டு, அதன் கீழே பெயர்கள். எல்பில், ஹீவூட், டோவன்பி, சங்காட் சாலாக் என்று எழுத ஆரம்பித்தாலே பலகை பெரிசாகிவிடும் போலிருக்கிறது. உங்கள் தோட்டம் இப்போது வரைபடத்தில் இல்லாவிட்டாலும் பலகையில் இருக்கும். எனவே பணம் போடும்போது எந்தத் தோட்டம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பணம் இல்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். தச்சு வேலை தெரிந்தவர்கள் மேடைத் தளத்துக்கு வரலாம். பரணில் பழைய கிரீடம், சலங்கை, ஆர்மோனியம், நாடகப் போட்டோ எது கிடந்தாலும் தூக்கிப் போடாமல் சொல்லுங்கள். போட்டோவைப் படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவோம்.

காட்டுப் படுதா இப்போது கோயில் மண்டபத்தில் விரித்துக் காய்கிறது. ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுங்கள். தொட மட்டும் விடாதீர்கள், சாயம் கையோடு வந்துவிடும்.

மண்டபக் குழுவுக்காக,
செயலாளர்