நெக்கைக் காட்டாத கிட்டாரை விற்க விடாதீர்கள்

பழைய பொருட்களை இணையத்தில் விற்றுக் கொடுக்கும் தளத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுப்பவன் எழுதுகிறேன். உடைந்து ஒட்டியதை மறைத்து விற்ற பழைய கிட்டார் ஒன்றை என் மாணவியின் அப்பா உங்கள் தளத்தில் வாங்கினார், அது பற்றிய புகார் உங்களிடம் இருக்கிறது. படங்கள், பணம் கட்டிய ரசீது, நீங்கள் அனுப்பிய பதில் எல்லாம் அதிலேயே உள்ளன, அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. "இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம்" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டீர்கள். அந்த வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். கிட்டாருக்குக் கொடுத்த 6,500 ரூபாய் அவருக்குச் சும்மா வந்த காசு இல்லை. விளம்பரத்தில் இருந்த நான்கு படங்களுமே முன்பக்கம் எடுத்தவை. துடைத்துப் பளபளவென்று நிறுத்திய கிட்டார், கீழே 'நல்ல கண்டிஷன், ஒரே கை' என்று இரண்டு வார்த்தை. அதை நம்பி வாங்கினார்.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் இருக்கும் கிட்டாரில் எஃப் கார்டு என்ற ஸ்வரக் கூட்டு ஓரளவு சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் முதல் ஃபிரெட்டில் சேர்த்து அழுத்த வேண்டிய கார்டு அது. கிட்டாரின் நீளமான கழுத்துதான் நெக், அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சோர்ந்துபோவது அந்த இடத்தில்தான். வீட்டில் மட்டும் அவளுக்கு அது வரவே இல்லை. விரல் நுனியெல்லாம் கன்றிப்போய் வந்து நின்றாள். "சார், எனக்கு இது வராது போல. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். அப்பாவின் காசை வீணாக்கிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 5 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டரை, மூன்று என்றால் பிள்ளைகள் சமாளிப்பார்கள். ஐந்து என்றால் பெரியவர்களுக்கே கை வலிக்கும். நெக் முன்பக்கமாக வளைந்திருந்தது. நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்ய இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் கடைசி வரை திருகி முடித்துவிட்டார். திருப்பிப் பார்த்தபோது நெக்கின் நுனியில் கம்பி முறுக்கும் குமிழ்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் உடைந்து ஒட்டிய கோடு, அதன் மேல் பழுப்புப் பெயின்ட். ஸ்டீல் கம்பி ஆறையும் சுருதி கூட்டினால் நெக்கை ஏறத்தாழ 70 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். ஒழுங்காக ஒட்டிய விரிசல் பல வருடம் தாங்கும், ஒட்டியதை நான் குற்றம் சொல்லவில்லை. பெயின்ட் அடித்து மறைத்து விற்றதுதான் குற்றம். அதை மறைக்க வசதியாக உங்கள் விளம்பரப் படிவம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஹெட்ஸ்டாக்கிலிருந்து நெக்கை நீளவாக்கில் பார்த்து எடுத்த படம், ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கப் படம், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்து எடுத்த படம், கம்பிகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கிட்டார்ப் பலகையோடு சேரும் இடத்தின் படம். இந்த நான்கும் இல்லாமல் எந்தக் கிட்டார் விளம்பரத்தையும் ஏற்றாதீர்கள். ஒரு கைபேசியும் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பைக் விற்க வருகிறவரிடம் எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றெல்லாம் கேட்கிறீர்கள். கிட்டாருக்கு மட்டும் தலைப்பும் விலையும் போதும் என்று யார் முடிவு செய்தது?

பழைய பொருள் வாங்குவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பித்தளை அண்டா வாங்கினாலும் கவிழ்த்துப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம், பற்றவைத்த இடத்தை விரலால் தடவுவோம். கடைக்காரர் கோபப்பட மாட்டார், அவரே திருப்பிக் காட்டுவார். இணையத்தில் வாங்குகிறவருக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கும் எதைக் காட்டுவது என்பதை விற்பவரிடமே விட்டுவிட்டால், வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவார்?

சென்னையில் இருப்பவர் நேரில் போய் வாசித்துப் பார்த்து வாங்கிக்கொள்வார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு அந்த வழி இல்லை. கிட்டாரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் நாங்கள் மதுரைக்கோ திருச்சிக்கோதான் தூக்கிக்கொண்டு போகிறோம். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்து வரும் பார்சலில் பிரிட்ஜ் கிளம்பிவிடுவதும் உண்டு. கம்பியைத் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கைச் சுற்றி அட்டையும் துணியும் வைத்துக் கட்டுங்கள் என்று விற்பவருக்கு ஒரு குறிப்பு அனுப்பக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. கிப்சன், ஃபெண்டர் என்று பெரிய கிட்டார் கம்பெனிகளின் பெயர் ஒட்டிய போலிகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். உங்கள் உதவி எண்ணில் தமிழில் பேச ஆளில்லை. மாணவியின் அப்பா தன் புகாரைத் தானே சொல்ல முடியாமல் நான்தான் சொன்னேன். சிவகங்கை மாவட்டத்துக்குப் பொருளை அனுப்பிக் கமிஷன் வாங்கும்போது இல்லாத தூரம், புகார் என்றதும் எங்கிருந்து வந்தது?

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மூடுவது தீர்ப்பதாகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தினக்கூலியை விட்டுவிட்டு அவர் அங்கே போய் நிற்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தயவுசெய்து அந்தப் புகாரை மறுபடி திறந்து அவர் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் கிட்டார் கைக்கு வந்து வாங்கியவர் பார்த்து முடிக்க இரண்டு நாள் கொடுத்து, அதன் பிறகு விற்பவருக்குப் பணத்தை விடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த நான்கு படங்களைக் கட்டாயமாக்குங்கள். எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று மாதிரிப் படம் வேண்டுமானால் நானே எடுத்து அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம். பதிலை எனக்கு எழுத வேண்டாம். புகாரில் உள்ள முகவரிக்கு, அந்தப் பெண்ணின் அப்பா படிக்கும்படி தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி