போதும் என்று சொன்ன தாத்தாவுக்கும், நம் ஊருணிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மாசி முடியப் போகிறது. நம் ஊருணியில் இன்னும் ஏழாவது படி வரை தண்ணீர் நிற்கிறது. நேற்று விடிகாலையில் குடத்தோடு போனவள், இறங்கி நின்று ஒவ்வொரு படியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மோந்தேன். முன்னெல்லாம் பொங்கல் கழிந்ததுமே தரை தெரிந்துவிடும். அப்புறம் தள்ளுவண்டியில் நாலு குடத்தை வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வரை போய், குழாயில் தண்ணீர் வருமா, லாரி வருமா என்று காத்துக் கிடப்போம். இந்த ஆண்டு என் தள்ளுவண்டி திண்ணையோரம் சாத்தியபடியே நிற்கிறது. சக்கரத்தில் ஒட்டடை கட்டியிருக்கிறது.

ஊருணி வேலைக்குக் கணக்கு எழுதியவள் நான். ரூபாயாக வந்ததையெல்லாம் நோட்டில் வரவு வைத்துவிட்டேன். ரூபாயாக வராததை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதற்காகத்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பேரையும் எழுதவில்லை. முறை சொல்லியே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும்.

முதலில் மடை பார்த்த குடும்பத்துத் தாத்தாவுக்கு.

ஆவணியில் தூர் வாரத் தொடங்கியபோது எல்லோருக்கும் ஒரே ஆசைதான், ஆழமாக வெட்ட வேண்டும். எனக்கும்தான். இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. கையில் இன்னும் பணம் இருந்தது. இன்னும் நாலடி போனால் சித்திரை வரை கவலையில்லை என்று நான்தான் சத்தமாகப் பேசினேன். தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி வந்தார். கிழக்கு மூலையில் இயந்திரம் அள்ளி நிறுத்தியிருந்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளினார். சாம்பல் நிறக் களி, நடுவே மஞ்சள் மணல் ஓடியிருந்தது. நாக்கில் வைத்தார், துப்பினார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “போதும் தாயி. இதுக்குக் கீழ கடல் படுத்திருக்கு. எழுப்பிவிட்றாத.”

நாங்கள் உடனே கேட்கவில்லை. அந்த மூலையில் இன்னும் இரண்டு வாளி மண் அள்ளிய பிறகுதான் இயந்திரம் நின்றது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கசிந்து, காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. நம் பக்கத்தில் ஆழப்படுத்துகிறோம் என்று கீழிருக்கும் உப்புத் தண்ணீரைத் தடுத்து நிற்கும் களித்தட்டை உடைத்து, நல்ல தண்ணீர் ஊருணியைச் சவராக்கிக்கொண்ட கதை எல்லோரும் கேள்விப்பட்டதுதானே.

அன்று வந்த பொறியாளர் தம்பி இதைக் கணக்காகவே விளக்கினார். மழைத்தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் மண்ணுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பு அண்டாது. மேலே உள்ள அந்த ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழே உப்பு மெல்ல மெல்ல அந்த 40 அடியும் ஏறி வந்துவிடும். நம் தெருவில் போட்ட ஆழ்குழாய் மூன்றே கோடையில் ஏன் உப்பாய்ப் போனது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாத்தா நாக்கால் சொன்னதையும் தம்பி தாளில் எழுதிக் காட்டியதையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். தம்பிக்கும் நன்றி. விடுமுறை நாளில் தன் வண்டியில் வந்து, ஒரு டீக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

உடைந்த மூலையை எப்படி மூடியது என்பதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாருக்காவது உதவும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்தோம். ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஆட்டுக்கிடையை இறக்கினோம். கிடைக்கார அண்ணன் தன் வெள்ளாடுகளை ஒதுக்கிவிட்டு, செம்மறிகளை மட்டும் ஓட்டிவந்தார். செம்மறிதான் நெருக்கியடித்து ஒரே இடத்தில் மிதிக்கும் என்றார். முன்னங்கால் குளம்பு பதிந்த குழியிலேயே அடுத்த ஆட்டின் குளம்பு பதிய, களி இறுகி இறுகிக் கடைசியில் கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. ஐந்து அடுக்கு, நான்கு நாள். கூலி வேண்டாம், கோடையில் என் ஆடு தண்ணி குடிக்க ஒரு துறை விடுங்க போதும் என்றார். தென்மேற்கு மூலையில் தனித் தொட்டி கட்டியது அதற்குத்தான். அண்ணே, அந்தத் தொட்டி என்றைக்கும் உங்கள் ஆடுகளுக்குத்தான்.

அடுத்தது கீழத்தெரு மதினி. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகை வருகிற மாதிரி நமக்கு எந்த ஆறும் வராது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதைப் பிடித்தால் உண்டு. பெய்வதும் குறைவில்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 40,000 லிட்டர் தண்ணீர். அதைக் கொண்டுவந்து சேர்க்கிற வரத்துக்கால் மூடிக்கிடந்ததுதான் நம் குறை. நிலஅளவை வரைபடத்தில் ஏழு அடி அகலத்துக்கு இருக்கிறது, தரையில் இல்லை. மதினியின் நிலத்தருகே அது வரப்போடு வரப்பாகக் கரைந்து போயிருந்தது. அண்ணன் போனபின் அந்த மிளகாய்க் காட்டை வைத்துத்தான் அவர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. அளக்கப் போன அன்று அவரே வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். “எங்க மாமனார் காலத்துல தண்ணி இந்த வழியாத்தான் போச்சு. நல்லா இழுத்துப் பிடிங்க, கயிறு தொய்யுது” என்றார். அன்றைக்கு அவர் விட்டுக்கொடுத்த பிறகுதான் மற்ற நான்கு பேரும் விட்டுக்கொடுத்தார்கள்.

தூர் வாரிய கரம்பை வண்டலில் நாற்பது டிராக்டர் அவர் காட்டுக்கே அடித்தோம். மணல் வாகான நிலம் அது. மழை பெய்த மூன்றாம் நாளே காய்ந்துவிடும். கரம்பை கலந்த பிறகு ஈரம் பிடித்து நிற்கிறது. இந்தத் தையில் அவர் களத்தில் காய்ந்த முண்டு மிளகாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரத்தையும் நிறத்தையும் தாங்கி நிற்பது இப்படிப்பட்டவர்களின் காடுதான்.

கரிமூட்டம் போடும் குடும்பங்களை நன்றியோடு நினைக்கிறேன். சீமைக் கருவேலத்தை எல்லோரும் திட்டுகிறோம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மரத்தின் கரிதான் இவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களே வந்து வரத்துக்கால் முழுக்கத் தூரோடு பிடுங்கிக் கொடுத்தார்கள். வெட்டிவிட்டால் ஒரு மழைக்கு நாலு கிளையாகத் துளிர்க்கும், பக்கவேர் வரை தோண்டணும் என்று காட்டிக் கொடுத்தவரின் உள்ளங்கையில் முள் ஏறி, பத்து நாள் வீங்கிக் கிடந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமாருக்கு நன்றி. கரைச் சரிவில் வெட்டிவேர் நட்டதும், ஊருணி வாய்க்கு முன்னால் வண்டல் குழி வெட்டியதும் அவர்கள்தான். காட்டு மண் கரைந்து வருவதை அந்தக் குழிதான் இப்போது வாங்கிக்கொள்கிறது. ஊராட்சிக்கு நன்றி. துபாயிலும் மலேசியாவிலும் இருந்து பணம் அனுப்பிய தம்பிமாருக்கும், சிமென்ட்டை வாங்கின விலைக்கே கொடுத்த கீழக்கரைக் காக்காவுக்கும் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்) நன்றி. வரவுசெலவு முழுவதும் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

கடற்கரைக் குடியிருப்பு அண்ணன்மாரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஊருணி வேலைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். நம் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் மணல்மேடுதான் மழையை உறிஞ்சி வைக்கிறது. மேட்டின் அடியில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். என் அப்பத்தா அந்த ஊற்றில் சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிறைத்த கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த மேட்டில் இரவோடு இரவாக மணல் அள்ள வந்த வண்டிகளை மறித்து நின்றது இவர்கள். கடலுக்குப் போய்த் திரும்பிய அலுப்போடு முறை வைத்துக் காவல் இருந்தார்கள். மணலைப் பிடித்து வைப்பது அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். ஆடு மேயாமல், வண்டி ஏறாமல் அவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். ஊருணிக் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊன்றிய பனைவிதைகளுக்கு வேலி கட்டப் பழைய வலை கொடுத்ததும் இவர்கள்தான்.

பிள்ளைகளே, உங்களை மறக்கவில்லை. பத்தடிக்கு ஒரு விதை என்று அளந்து, ஒருத்தர் குழி தோண்ட, ஒருத்தர் விதை போட, ஒருத்தர் மிதிக்க என்று ஓடி ஓடிச் செய்தீர்கள். மார்கழியில் பனங்கிழங்கு ஆசையில் யாரும் தோண்டிவிடாமல் மாறி மாறிக் காவல் இருந்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி. இப்போது ஈட்டி மாதிரிக் குருத்தோலை வந்திருக்கிறது. அது காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். அப்போது நுங்கு வெட்டப் போவது நீங்கள்தான்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த ராத்திரி நினைவிருக்கிறதா? இரண்டு மணிக்கு வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டு, டார்ச் லைட்டோடு ஊரே ஓடினோம். சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிக்கொண்டு, நுரை கட்டி, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. தாத்தாவை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் ஊருணிக்குள் விடலாம் என்றபோது அவர் பலகையைப் போட்டுக் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கம் திருப்பச் சொன்னார். அழுக்கைக் கழுவின முதல் தண்ணி ஊருணிக்கு ஆகாது, அடுத்த மழையை விடுங்க என்றார். இந்த முறை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாம் மழை தண்ணீர் உள்ளே போய், தெளிந்து, தேற்றான் கொட்டை உரசிய பானையில் ஒரு நாள் இருந்த பிறகு, முதல் செம்பை நான்தான் அவரிடம் கொடுத்தேன். ஒரு மடக்கு வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் விழுங்காமலே இருந்தார்.

“உப்பு இல்ல” என்றார். மீதியையும் குடித்தார்.

இப்படிக்கு,
ஊருணிக் கணக்கு எழுதும் உங்கள் வீட்டுப் பெண்,
மேலத்தெரு மகளிர் குழு.