பொன்னுக்கு வீங்கி: தங்கச் சங்கிலி போதாது, விடுப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு,

மதுரையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் நாமக்கட்டியை இழைத்துப் பற்றுப் போடுவார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி மாட்டுவார்கள். இரண்டாலும் பெரிய கெடுதல் இல்லை. மறுநாளே அந்தப் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றி விடுவதுதான் கெடுதல்.

பொன்னுக்கு வீங்கி வைரஸ் காய்ச்சல். எச்சில், இருமல், தும்மல் வழியாகப் பரவும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, வீங்கியபின் ஐந்து நாள் வரை தொற்றும். ஆகவே ஐந்து நாள் கட்டாய விடுப்பு வேண்டும். முதல் கன்னம் வீங்கிய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டாவது கன்னம் பிறகு வீங்கினாலும் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. ஒருவரிடமிருந்து தொற்றியது அடுத்தவரிடம் தெரிய 16 முதல் 18 நாள் ஆகும். சிலருக்கு 25 நாள்கூட. ஒரு வாரம் புதிதாக யாருக்கும் வரவில்லை என்று வகுப்பாசிரியர் நிம்மதி அடைவது இதனால்தான் அவசரப்படுவதாகும். ஒரே தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தையாவது அந்த 25 நாளும் நிறுத்தலாம்.

எல்லா வீக்கமும் பொன்னுக்கு வீங்கி அல்ல. இதில் காது மடல் மேலே தூக்கிக்கொள்ளும், தாடை மூலை விரலுக்குத் தட்டுப்படாது. தாடை மூலை தெளிவாகத் தட்டுப்பட்டு அதற்குக் கீழே கட்டி இருந்தால் நெறி கட்டியதாக இருக்கலாம். சொத்தைப் பல்லையும் பார்க்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும்: ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. எலுமிச்சை, புளி வேண்டாம். எச்சில் சுரந்தால் வலி கூடும். கஞ்சி, இட்லி, மோர் போதும்.

தலைவலியோடு விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, காது மந்தம், கடும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயதுக்கு வந்த பையன்களுக்கு விரை வீங்கலாம், அவர்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். வீட்டார்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், மலட்டுத்தன்மை அரிது.

தடுப்பூசி அட்டையில் ‘எம்.ஆர்.’ என்றிருப்பதைப் பார்த்துப் பலர் பாதுகாப்பு இருப்பதாக நம்புகிறார்கள். 2017இல் தமிழகத்துக்கு வந்த அந்த ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுப்பது எம்.எம்.ஆர். ஊசி. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் அதை 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணையாகப் போடச் சொல்கிறது. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட எல்லாராலும் முடியாது. எம்.ஆருக்குப் பதில் எம்.எம்.ஆர். ஊசியை அரசே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போட வேண்டும்.

— குழந்தைநல மருத்துவர்கள், மதுரை