மொட்டைமாடியில் நிற்கும் உன் மகளைப் பற்றி

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எட்டாவது படிக்கிற பிள்ளை ராத்திரி மொட்டைமாடியை விட்டு இறங்க மாட்டேங்குது. நிலா ஏன் தினமும் லேட்டா வருதுன்னு என்னைப் போட்டுக் குடையுது. இதெல்லாம் நாளைக்குச் சோறு போடுமா?" என்றாய். உன்னைப் போலக் கேட்கிற அம்மாக்கள் நிறைய இருப்பதால், எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சோறு போட்ட கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் நான்டக்கெட் என்று ஒரு சின்னத் தீவு. பின்னாளில் வானியலாளர் ஆன மரியா மிட்செல் 1818-ல் அங்கே பிறந்தார். அப்போது அது திமிங்கில வேட்டைக்காரர்களின் ஊர். அங்கிருந்து கிளம்பும் கப்பல்கள் திரும்பிவர மூன்று நான்கு வருடம்கூட ஆகும். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிய நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கப்பல்களில் குரோனோமீட்டர் என்கிற கடிகாரம். அது தினம் 1 வினாடி பிந்துகிறது, கேப்டனுக்கு அது தெரியவில்லை என்று வை. 100 நாளில் நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 46 கிலோமீட்டர் தப்பிப் போகும். இரவு நேரத்தில் பாறைக்கரை பக்கத்தில் இருந்தால் கதை முடிந்தது.

அதனால் கரைக்கு வந்ததும் கேப்டன்கள் கடிகாரத்தை மரியாவின் அப்பா வில்லியம் மிட்செலிடம் கொடுப்பார்கள். அவர் ரிப்பேர் செய்வதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்து, அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கணக்கு கையில் இருந்தால் கேப்டன் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

பள்ளி ஆசிரியராகவும் இருந்த அந்த மனிதர் தன் பெண்ணையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். 1831 பிப்ரவரியில், சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண சூரிய கிரகணம் வந்தது. நல்ல குளிர்காலம். வீட்டு ஜன்னலைக் கழற்றி வைத்துவிட்டுத் தொலைநோக்கியை அங்கே நிறுத்தினார். 12 வயது மரியாவின் வேலை, குரோனோமீட்டரைப் பார்த்து வினாடிகளை எண்ணிச் சொல்வது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தங்கள் வீட்டின் தீர்க்கரேகையை, அதாவது கிழக்கு மேற்காக அது எங்கே இருக்கிறது என்பதை, கணக்கிட்டார்கள். பிள்ளை விளையாடட்டும் என்று கொடுத்த வேலை இல்லை, பார். அவள் ஒரு வினாடி விட்டிருந்தால் அப்பாவின் கணக்கே தப்பு.

என் எண்ணத்தில் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பிள்ளையும் கேள்வி கேட்கும். பத்து வயது தாண்டினால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காமல் போவது, யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையை நம்பி உண்மையான வேலை கொடுத்த வீட்டில்தான். "அறிவியல் கிட்" என்று பெட்டியில் விற்கிறார்களே, அதை நான் பெரிதாக நம்புவதில்லை. விடை என்ன வரும் என்பது பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

மரியா கல்லூரிக்குப் போகவில்லை. 18 வயதில் ஊர் நூலகத்தில் நூலகர் ஆனார். அந்த வேலையில் 20 வருடம் இருந்தார். பகலில் அங்கிருந்த கணிதப் புத்தகங்களைத் தானே படித்தார், இரவில் வானம் பார்த்தார். அப்பாவுக்கு வங்கியில் வேலை கிடைத்ததால் குடியிருப்பும் வங்கிக் கட்டடத்திலேயே, தொலைநோக்கியும் அதன் மொட்டைமாடியில். 1847 அக்டோபர் 1 இரவு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இவர் நைசாக மாடிக்கு நழுவினார். அன்றைக்குத்தான் ஒரு புது வால்மீன் கண்ணில் பட்டது. வெளியே சொல்லத் தயங்கினார். விடாமல் ஹார்வர்டுக்குக் கடிதம் எழுதியவர் அப்பாதான். இரண்டு நாள் கழித்து ரோமில் ஒருவர் அதையே பார்த்திருந்ததால், முதலில் பார்த்தது யார் என்று கொஞ்ச நாள் இழுபறி. கடைசியில் டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் இவருக்கே வந்தது.

நீ கேட்ட சோறு அப்புறம்தான். 1849 முதல் கடற்பயண பஞ்சாங்கத்துக்காக வெள்ளிக் கிரகத்தின் இருப்பிடங்களைக் கணக்கிட்டுத் தரும் சம்பள வேலை. 1865-ல் நியூயார்க் மாநிலத்தில் வாசர் பெண்கள் கல்லூரி திறந்தபோது வானியல் பேராசிரியர். ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம்தான் கொடுத்தார்கள். சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டு உயர்த்த வைத்தார்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அவர் பாடம் நடத்திய விதம். தனக்கு அப்பா செய்ததையே மாணவிகளுக்குச் செய்தார். இரவில் பெண்கள் வெளியே வரலாமா என்று தயங்கிய காலத்தில் அவர்களை 12 அங்குலத் தொலைநோக்கிக்கு அழைத்துவந்தார். மதிப்பெண் போடுவதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. 1869-ல் முழு சூரிய கிரகணம் பார்க்க மாணவிகளோடு அயோவா வரை போனார். 1878-ல் டென்வர் வரை. மேரி விட்னி அவருக்குப் பின் அதே கல்லூரியில் வானியல் பேராசிரியர் ஆனார். அன்டோனியா மௌரி ஹார்வர்டில் நட்சத்திர நிறமாலைகளை, அதாவது நட்சத்திர ஒளியைப் பிரித்தால் வரும் நிறப்பட்டைகளை, வகைப்படுத்தினார். இரண்டு பேருமே இவரிடம் படித்தவர்கள்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இன்னொரு டியூஷனில் சேர்க்காதே. ஒரு நோட்டுப் புத்தகம் கொடு. பௌர்ணமியிலிருந்து தினமும் நிலா எதிர்வீட்டுச் சுவருக்கு மேலே தலைகாட்டும் நேரத்தை எழுதச் சொல். நாளுக்கு நாள் வித்தியாசம் சராசரியாக 50 நிமிடம் வரும், ஆனால் ஒரே சீராக வராது. ஏன் என்று நீ சொல்லிவிடாதே. நீ சொல்ல மாட்டாய், தெரியும். மேகம் வந்த நாளில் "மேகம்" என்று எழுதட்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. ஏப்ரல் கடைசியில் உங்கள் சென்னையில், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும் நிழல் இல்லா நாள் வரும், ஆகஸ்ட் நடுவில் மறுபடியும். மாடியில் ஒரு குச்சி நட்டு உச்சி வேளையில் நிழலை அளக்கட்டும். அந்த நோட்டை மாதம் ஒருமுறை எனக்கு அனுப்பச் சொல், அதை வைத்து என் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, நம் ஊரிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். கிரகணக் கண்ணாடி நான் வாங்கி அனுப்புகிறேன், வெறும் கண்ணால் பார்க்க விடாதே. எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடிக்குத் தொடங்கியது என்று அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். சாயங்கால நேரம், டியூஷன் நேரத்தில்தான் வரும். அன்றைக்கு மட்டுமாவது மட்டம் போட விடு.

அன்புடன்,
உன் தம்பி